ஃபேமிகாம் பெட்டியின் படத்தைத் தெளிவாக்குதல்: ஆர்.எஃப். இணைப்பிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்?

கேசட்பெட்டி (கோவை)

வணக்கம். ஜப்பானில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மாமா, அங்கே வாங்கிய பழைய ஃபேமிகாம் (நின்டெண்டோவின் டிவி கேம் பெட்டி) ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். வெள்ளையும் அரக்குச் சிவப்புமாக, இரண்டு கன்ட்ரோலர்களும் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும் முதல் வகை அது. அடியில் எச்.வி.சி.-001 என்று அச்சிட்டிருக்கிறது. சிறுவயதில் எங்கள் தெருவில் எல்லோரும் விளையாடிய டிவி கேம் பெட்டிகளுக்கெல்லாம் மூலமான பெட்டி கைக்கு வந்திருக்கிறதே என்று ஆசையாக இணைத்துப் பார்த்தேன்.

ஆன்டெனா துளைக்குப் போகும் ஆர்.எஃப். கம்பி தவிர அதில் வேறு வெளியீடு எதுவும் இல்லை. வீட்டில் இருக்கும் 21 அங்குலக் குழாய் டிவியில் கையால் டியூன் செய்து தேடியதில் ஓரிடத்தில் படம் பிடித்தது. ஆனால் முழுப்படமும் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிகிறது. எழுத்துகளின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்கின்றன. ஒலி அறவே இல்லை, இரைச்சல் மட்டும்தான்.

ஆம்ப்ளிஃபயர், ரேடியோ ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் பழக்கம் உண்டு என்பதால் சோல்டரிங் எனக்குப் புதிதல்ல. ஆனால் 40 கால் ஐ.சி. ஒன்றை போர்டிலிருந்து கழற்றியதில்லை. காம்போசிட் வெளியீடு (படம் முழுவதும் ஒரே கம்பியில்) எடுத்தால் போதுமா, ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) வரை போக வேண்டுமா, அல்லது நேராக எச்.டி.எம்.ஐ. போர்டு வைத்துவிடலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பெட்டியின் பிளாஸ்டிக் மேலோட்டைத் துளைக்க எனக்கு மனமில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாற்பதுகால் (சென்னை)

நண்பரே, முதலில் ஒரு கேள்வி. எந்த அடாப்டரில் ஓட்டுகிறீர்கள்? பெட்டியோடு வந்த ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஃபேமிகாமுக்குத் தேவை 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர். அதிலும் நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ். நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுமுனை பிளஸ் என்பதால், மல்டிமீட்டர் வைத்து அளக்காமல் எதையும் செருகாதீர்கள். ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான அமெரிக்க என்.இ.எஸ். பெட்டிக்கான அடாப்டர் ஏ.சி. தருவது, பிளக் பொருந்துகிறதே என்று அதையும் மாட்டிவிட வேண்டாம்.

அடுத்து, உங்களுக்கு ஒலி ஏன் வரவில்லை என்பது. ஜப்பானின் 1, 2 சேனல்களில் படம் 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. நம் ஊரில் அது எஃப்.எம். வானொலி இருக்கும் இடம். எல்லா டிவியும் அங்கே நிற்காது, உங்களுடையது நின்றிருக்கிறது. ஆனால் ஜப்பான் முறையில் ஒலி, படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வருகிறது; நம் டிவி 5.5 தள்ளித் தேடுகிறது. அதனால் எவ்வளவு நேரம் டியூன் செய்தாலும் அந்த ஒலி கிடைக்காது. ஆகவே ஆர்.எஃப். இணைப்பை விட்டு வெளியே வருவது உங்களுக்குத் தேவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எவ்வளவு தூரம் போவது என்பதை முடிவு செய்வதற்கு முன், படம் எங்கே உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சேகாவின் மெகா டிரைவ் போன்ற பெட்டிகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக உள்ளே உருவாகி, பிறகு ஒரு என்கோடர் ஐ.சி. அவற்றைக் கலந்து காம்போசிட் ஆக்குகிறது. அங்கே கலப்பதற்கு முன்பே மூன்றையும் பிடித்து வெளியே கொண்டுவந்துவிடலாம். ஃபேமிகாமில் அப்படி ஓரிடமே இல்லை. படத்தை வரையும் 2சி02 என்ற பி.பி.யு. ஐ.சி. காம்போசிட் அலையை நேரடியாகத் தானே செய்கிறது. 3.58 மெகாஹெர்ட்ஸ் நிற அலையின் 12 கட்டங்களில் எந்தக் கட்டத்தில், எந்த உயரத்தில் ஆட வேண்டும் என்பதுதான் அதற்கு நிறம். சிவப்பு என்று தனியாக ஒரு கம்பி அந்த ஐ.சி.க்குள்ளேயே கிடையாது.

எனவே காம்போசிட் எடுப்பது என்பது, ஏற்கனவே இருக்கும் சிக்னலைச் சேதமில்லாமல் வெளியே கொண்டுவரும் வேலை. ஆர்.ஜி.பி. என்பது நிறத்தை வேறொரு போர்டு புதிதாகச் செய்துதரும் வேலை. இரண்டும் ஒரே படிக்கட்டின் அடுத்தடுத்த படிகள் அல்ல. முதலில் காம்போசிட்டை ஒழுங்காக எடுங்கள் என்பதே என் கருத்து. ஆர்.எஃப். படத்தில் நீங்கள் பார்க்கும் அழுக்கில் பெரும்பகுதி காம்போசிட்டின் குற்றம் அல்ல.

செய்ன்கரை (பாரிஸ்)

நாற்பதுகால் அண்ணா சொன்னதற்கு இங்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிரான்சில் 1980 வாக்கிலிருந்தே டிவிகளில் ஸ்கார்ட் துளை (ஆர்.ஜி.பி.யையும் ஏற்கும் பல முனைத் துளை) கட்டாயமாக இருந்ததால், இங்கே விற்ற என்.இ.எஸ். பெட்டிகள் ஆர்.ஜி.பி. கம்பியோடு வந்தன. நான் ஒன்றை வாங்கியபோது, படம் கண்ணாடிபோல் இருக்கப்போகிறது என்று நம்பினேன். திறந்து பார்த்தால், பி.பி.யு. அதே காம்போசிட்டைத்தான் தருகிறது; அதை உள்ளே ஒரு சிறு போர்டு பிரித்து ஆர்.ஜி.பி. ஆக்கி அனுப்புகிறது. கலந்த பிறகு பிரித்தால் ஓரங்களில் ஊரும் புள்ளிகள் எங்கே போகும்? அவை அப்படியே ஸ்கார்ட் வழியாகவும் வந்தன. வெளியே என்ன துளை இருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறாமல், கலப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

கேசட்பெட்டி

மிக்க நன்றி. அடாப்டர் விஷயத்தில் தப்பித்திருக்கிறேன். மாமா கொடுத்த 100 வோல்ட் அடாப்டரை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி வைத்துவிட்டேன். பழைய மெகா டிரைவ் ஒன்றின் நடுமுனை மைனஸ் அடாப்டரை அளந்து பார்த்துத்தான் பயன்படுத்துகிறேன். காம்போசிட் எடுப்பதற்கான சுற்றைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? எந்த இடத்தில் தொட்டால் பிறகு பழையபடி மாற்ற முடியாது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாற்பதுகால்

விளக்கமாகவே சொல்கிறேன்.

பெட்டியைத் திறக்கச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். உள்ளே இரண்டு போர்டுகள் இருக்கும். பெரியது ஐ.சி.கள் உள்ள முதன்மைப் போர்டு. பின்பக்கம் உள்ள சிறியதில் மின்சாரம் வரும் துளை, படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சிக்னலாக்கும் ஆர்.எஃப். மாடுலேட்டர், 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்திருக்கும். ஆர்.எஃப். வேண்டாம் என்பதற்காக அந்தச் சிறு போர்டை முழுவதுமாகக் கழற்றி வீசிவிட்டு, பெட்டி ஏன் உயிர்பெறவில்லை என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பி.பி.யு. 40 கால் ஐ.சி. வீடியோ 21ஆம் காலில் வருகிறது. 20ஆம் கால் கிரவுண்ட், 40ஆம் கால் 5 வோல்ட். 21ஆம் கால் ஒரு வரிசையின் மூலையில் இருப்பது நமக்கு வசதி. அந்தக் காலிலிருந்து நேராக டிவிக்குக் கம்பி இழுத்தால் 75 ஓம் சுமையைத் தாங்காமல் படம் மங்கிப்போகும். அதனால் நடுவில் ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர் வேண்டும். 21ஆம் கால் பேஸுக்கு, கலெக்டர் கிரவுண்டுக்கு, எமிட்டரிலிருந்து சுமார் 300 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 75 ஓம் ரெசிஸ்டரும், தொடர்ந்து 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து (பிளஸ் முனை டிரான்சிஸ்டர் பக்கம்) வெளியே எடுங்கள். மொத்தச் சுற்றும் ஒரு தபால் தலை அளவுதான்.

எங்கே தொட்டால் திரும்ப முடியாது என்று கேட்டீர்கள். 21ஆம் காலிலிருந்து ஆர்.எஃப். போர்டுக்கு ஓடும் செம்புத் தடத்தை வெட்டுவதுதான் பலரும் செய்வது. நான் வெட்டுவதில்லை. அந்த ஒரு காலில் உள்ள ஈயத்தை மட்டும் உறிஞ்சியெடுத்து, காலை மெதுவாக மேலே தூக்கிவிடுவேன். என்றாவது பழையபடி வேண்டுமென்றால் காலை இறக்கி மீண்டும் பற்றவைத்தால் போதும். ஆனால் ஒரே முறைதான் வளைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆட்டினால் கால் ஒடிந்துவிடும். ஒடிந்தபின், பிளாஸ்டிக்கின் விளிம்பில் கடுகளவு மிஞ்சும் உலோகத்தில்தான் கம்பியைப் பற்றவைக்க வேண்டியிருக்கும்.

மேலோட்டைத் துளைக்காமல் எப்படி என்பதற்கும் வழி இருக்கிறது. பின்பக்கம் இருக்கும் ஆர்.எஃப். துளை, நாம் ஏ.வி. கம்பிக்குப் பயன்படுத்தும் அதே ஆர்.சி.ஏ. வகைதான். மாடுலேட்டரிலிருந்து அதற்கு வரும் இணைப்பை எடுத்துவிட்டு வீடியோவை அதிலேயே கொடுக்கலாம். ஒலிக்கு, இனிமேல் தேவைப்படாத சேனல் மாற்றும் சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு 3.5 மி.மீ. துளையைப் பொருத்தலாம். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது.

ரிமோட்தேடி (திருச்சி)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் அசல் ஃபேமிகாம் இல்லை. தொண்ணூறுகளில் அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம்தான் இருக்கிறது. அதற்கும் இதே முறை பொருந்துமா?

நாற்பதுகால்

பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டு பெரிய 40 கால் ஐ.சி.கள் இருந்தால், அது அசலின் அமைப்பை ஒட்டிச் செய்த பழைய நகல். இதே முறையை முயன்று பார்க்கலாம். பெரும்பாலும் இருக்கக்கூடியது போர்டின் நடுவே ஒரு கறுப்புப் பிசின் பொட்டு. அப்படியென்றால் செயலியும் பி.பி.யு.வும் அந்த ஒரே பொட்டுக்குள் அடங்கிவிட்டன. அதில் ஆர்.ஜி.பி. போர்டு எதையும் வைக்க வழியில்லை. ஆனால் காம்போசிட் உங்களுக்கு ஏற்கனவே இருக்கலாம். பக்கவாட்டில் மஞ்சள் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தகரப் பெட்டிக்குள் இருக்கும் மாடுலேட்டருக்குள் போகும் கம்பிகளில் ஒன்றுதான் வீடியோ. அப்பா வாங்கிக் கொடுத்தது என்கிறீர்கள்; அவசரப்பட்டு எதையும் வெட்டாதீர்கள். படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

கேசட்பெட்டி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வேலையைத் தொடங்கினேன்; படம் வரவில்லை.

21ஆம் காலைத் தூக்குவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. ஃப்ளக்ஸ் தடவி, பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கி, பம்ப்பால் உறிஞ்சியதும் கால் துளைக்குள் தனியாக ஆடியது. சிறு இடுக்கியால் ஒரே முறை தூக்கி விட்டுவிட்டேன். இணையத்தில் பார்த்த ஒரு ஜப்பானியச் சுற்றுப்படத்தில் 2எஸ்.ஏ.1015 என்று போட்டிருந்தது. இங்கே கடையில் அது கிடைக்கவில்லை, கடைக்காரர் பி.சி.557 கொடுத்து, இதுவும் பி.என்.பி.தான், தாராளமாகப் போடலாம் என்றார். சுற்றைப் படத்தில் இருந்தபடியே கட்டினேன். டிவி கருமையாகவே இருக்கிறது; சில சமயம் சாம்பல் நிறத்தில் ஏதோ உருள்கிறது. பி.பி.யு. போய்விட்டதா? இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

நாற்பதுகால்

தூங்குங்கள். பி.பி.யு. போயிருக்காது.

கடைக்காரர் சொன்னது சரி, பி.சி.557 இந்த வேலைக்குப் போதும். ஆனால் கால்களின் வரிசை வேறு. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக 2எஸ்.ஏ.1015க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். பி.சி.557க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்கச் சுற்றுப்படங்களில் வரும் 2என்3906க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்றும் ஒரே உருவம், மூன்றும் பி.என்.பி., மூன்றுக்கும் மூன்று வரிசை. நீங்கள் ஜப்பானியப் படத்தின் துளைகளில் பி.சி.557ஐச் செருகியிருப்பதால், உங்கள் கலெக்டர் எமிட்டரின் இடத்திலும், பேஸ் கிரவுண்டிலும், எமிட்டர் 21ஆம் காலிலும் நிற்கின்றன. கழற்றி, காலுக்குக் கால் பார்த்து, புதிய டிரான்சிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். மல்டிமீட்டரின் டையோடு நிலையில் பேஸைக் கண்டுபிடித்துவிட்டுப் பற்றவைப்பது நல்லது.

கேசட்பெட்டி

வந்துவிட்டது! தலைப்புத் திரையின் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. இரைச்சல் இல்லை, ஈரக் கண்ணாடி இல்லை. மாமாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். தான் அங்கே இருந்த காலத்தில்கூட இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை என்றார்.

ஆனால் ஒரு குறை. நீல வானம் வரும் இடங்களில் மேலிருந்து கீழாக மெல்லிய செங்குத்துக் கோடுகள், ஜன்னல் கம்பிகள்போல் சம இடைவெளியில் நிற்கின்றன. ஆட்டம் நகர்ந்தாலும் கோடுகள் நகரவில்லை. இது டிவியின் குறையா?

நாற்பதுகால்

டிவியின் குறை அல்ல. சிறைக்கம்பிக் கோடுகள் என்று உலகம் முழுவதும் இந்த வேலை செய்பவர்கள் அலுத்துக்கொள்ளும் கோடுகள் அவை. பி.பி.யு. ஒவ்வொரு வரியையும் வரையும்போதே அடுத்து வரவேண்டிய ஓடுகளை (படத்தைக் கட்டும் சிறு சதுரத் துண்டுகளை) நினைவகத்திலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு புள்ளிக்கு ஒரு முறை படிப்பு. எட்டுப் புள்ளி அகலமுள்ள ஓர் ஓட்டுக்கு நான்கு படிப்புகள். ஒரு வரியில் 256 புள்ளிகள், அதாவது 32 ஓடுகள். இந்தப் படிப்புகளின் மின்துடிப்பு அதே தாளத்தில் வீடியோவுக்குள் கசிகிறது. ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் கசிவதால் செங்குத்துக் கோடாகத் தெரிகிறது. ஒரே நிறம் பரந்திருக்கும் வானத்தில்தான் அது கண்ணில் படும்.

ஐ.சி.க்குள்ளேயே நடக்கும் கசிவை நாம் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே சேர்வதைக் குறைக்கலாம். உங்கள் டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது? 5 வோல்ட் எங்கிருந்து எடுத்தீர்கள்? முடிந்தால் ஒரு படம் போடுங்கள்.

கேசட்பெட்டி

டிரான்சிஸ்டரைப் பின்பக்கம், ஆர்.எஃப். போர்டின் மேலே ஒட்டியிருக்கிறேன். 21ஆம் காலிலிருந்து ஒரு சாதாரணக் கம்பி, ஐ.சி.களுக்கு நடுவே வளைந்து அங்கே போகிறது. நீளம் ஒரு சாண் இருக்கும். 5 வோல்ட்டை ரெகுலேட்டரின் காலில் எடுத்தேன்.

நாற்பதுகால்

அதுதான் காரணம். டிரான்சிஸ்டருக்கு முந்தைய கம்பியில் ஓடும் சிக்னல் வலுவற்றது. பக்கத்தில் போகும் எதையும் வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு சாண் கம்பி, முகவரித் தடங்களுக்கு மேலே நின்று ஆன்டெனாவாக வேலை செய்கிறது. சுற்றை முழுவதும் எடுத்து, பி.பி.யு.வின் முதுகில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டுங்கள். பேஸ் 21ஆம் காலை அரை அங்குலத்துக்குள் தொட வேண்டும். கிரவுண்டை 20ஆம் காலிலேயே எடுங்கள், 5 வோல்ட்டை 40ஆம் காலிலேயே எடுங்கள். அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரும் வையுங்கள். டிரான்சிஸ்டரைத் தாண்டி வெளியே போகும் கம்பி, மேலே வலை சுற்றிய ஷீல்டு கம்பியாக இருக்கட்டும்; வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்தால் போதும்.

போர்டுக்குப் போர்டு வித்தியாசம் உண்டு. பிற்காலத்தில் வந்த ஜி.பி.எம்.-02 என்று அச்சிட்ட போர்டுகளில் இந்தக் கோடுகள் குறைவாகவே இருக்கின்றன. உங்களுடையது பழையதாக இருந்தால் முழுவதும் மறையாது. ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வரும்.

குழாய்த்திரை (சிங்கப்பூர்)

நான் வேறொன்றைக் கேட்கிறேன். ஆர்.ஜி.பி. பேச்சு ஏன் நின்றுவிட்டது? நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் ஃபேமிகாமில் டிம் வொர்திங்டன் வடிவமைத்த என்.இ.எஸ்.ஆர்.ஜி.பி. போர்டை வைத்தேன். 40 கால்களையும் கழற்றி, பி.பி.யு.வை அந்தப் போர்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். செயலி பி.பி.யு.வுக்கு எழுதும் நிறத் தகவலை அந்தப் போர்டு கவனித்துக்கொண்டே இருந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதைத் தெரிந்துகொண்டு, தானே ஆர்.ஜி.பி.யாகத் தருகிறது. காம்போசிட்டின் ஊரும் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு வேலை செய்யத் தெரிந்தவர் பாதியில் நிற்க வேண்டுமா?

நாற்பதுகால்

அந்தப் போர்டின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதற்கு முன், ஆர்.ஜி.பி. வேண்டியவர்கள் பிளேசாய்ஸ்-10 என்ற ஆர்கேட் இயந்திரத்திலிருந்து 2சி03 பி.பி.யு.வைக் கழற்றி ஃபேமிகாமில் வைத்தார்கள். ஒரு நல்ல ஆர்கேட் போர்டு அதற்காகப் பலியானது என்பது ஒருபுறம். அதன் நிறங்களும் வேறு. சாம்பல் நிறங்களில் சில அதில் இல்லை. திரையை மங்கலாக்க ஆட்டங்கள் பயன்படுத்தும் நிற அழுத்தக் கட்டளை அதில் திரையை வெளுக்கச் செய்துவிடும். வொர்திங்டனின் போர்டு இந்த இரண்டு கேடுகளையும் தீர்த்தது.

நான் கேசட்பெட்டிக்கு அதைச் சொல்லாததற்குக் காரணங்கள் உண்டு. அவர் 40 கால் ஐ.சி.யைக் கழற்றியதில்லை. இந்தப் போர்டுகளின் செம்பு வட்டங்கள் மெல்லியவை. சூடு அதிகமானால் கையோடு வந்துவிடும். பழகுவதற்கு மாமா கொடுத்த பெட்டி ஏற்ற இடம் அல்ல. இன்னொன்று, அவர் வீட்டு டிவியில் ஆர்.ஜி.பி.யை எங்கே செருகுவார்? செய்ன்கரை வீட்டில் இருக்கும் ஸ்கார்ட் துளை இங்கே விற்ற டிவிகளில் இல்லை. மாற்றிக் கொடுக்கும் கருவிக்குத் தனிச் செலவு.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பி.பி.யு.வில் நிறம் என்பது அலையின் கட்டம். அதை எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று முடிவு செய்தது அந்தந்த டிவிதான். அதனால் ஃபேமிகாமுக்கு ஒரே சரியான நிறப்பட்டியல் என்று எதுவும் கிடையாது. என்.இ.எஸ்.ஆர்.ஜி.பி.யில் நிறப்பட்டியலை மாற்ற சுவிட்ச் வைத்திருப்பதே அதற்குச் சான்று.

குழாய்த்திரை

முதல் இரண்டு காரணங்களையும் ஏற்கிறேன்; என் முதல் போர்டில் நான்கு செம்பு வட்டங்களைப் பிய்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுத்துச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. நிறத்தைப் பற்றிய காரணத்தை ஏற்கவில்லை. நிறப்பட்டியலில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், எழுத்தின் ஓரம் அசையாமல் நிற்பது கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஃபேமிகாமின் ஒரு புள்ளி, நிற அலையின் ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு அகலம்தான். ஒரு புள்ளிக்குள் நிறம் முழுச் சுற்றுகூட ஆட இடமில்லை. காம்போசிட்டை எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பழைய ஆட்டங்களை வரைந்த கலைஞர்கள் தங்கள் மேசையில் புள்ளி புள்ளியாக வைத்த உழைப்பை அப்படியே பார்க்க விரும்புகிறேன். அது பேராசை என்று நான் நினைக்கவில்லை.

நாற்பதுகால்

கணக்கு சரிதான், அதை மறுக்க முடியாது. உங்கள் டிவியில், உங்கள் கையில் அது சரியான தேர்வு. எச்.டி.எம்.ஐ. பற்றியும் அவர் கேட்டிருந்தார். கெவின் ஹார்ட்டன் செய்த ஹை-டெஃப் என்.இ.எஸ். போர்டுக்கு பி.பி.யு., செயலி இரண்டையும் கழற்ற வேண்டும், அதாவது 80 கால்கள். படம் 1080 வரிகளில் மிக நேர்த்தியாக வரும். ஆனால் முதல் வேலையாக யாரும் அதைத் தொடக்கூடாது.

கேசட்பெட்டி

சுற்றை பி.பி.யு.வின் முதுகுக்கு மாற்றிவிட்டேன். என் போர்டு பழையதுதான், எனினும் கோடுகள் முக்கால்வாசி போய்விட்டன. விளக்கை அணைத்துவிட்டு, நீலத் திரையில் மூக்கை வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகின்றன.

இப்போது இன்னொரு விசித்திரம். கூடத்தில் இருக்கும் எல்.இ.டி. டிவியில் அதே கம்பியைச் செருகிப் பார்த்தேன். அடிபட்ட வீரன் கண்சிமிட்டுவதுபோல் மின்னும் நேரத்தில், குழாய் டிவியில் அவன் ஊடுருவித் தெரிகிறான், எல்.இ.டி.யில் சீப்பின் பற்கள்போல் வரிவரியாகக் கிழிந்து தெரிகிறான். பொத்தானை அழுத்தியபின் குதிக்கவும் தாமதமாகிறது. என் சுற்றில் இன்னும் பிழை இருக்கிறதா?

செய்ன்கரை

இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. சாதாரண ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த முறையும் வரும். ஃபேமிகாம் அப்படி அனுப்புவதில்லை. ஒவ்வொரு முறையும் அதே 240 வரிகளை, நொடிக்கு 60 முறைக்குச் சற்றே கூடுதலாக அனுப்புகிறது. குழாய் டிவி வந்ததை வந்தபடி வரைந்துவிடும். புதிய டிவிகள் பல, இதை ஒற்றை-இரட்டை வரிகள் என்று நினைத்து, அடுத்தடுத்த இரண்டு படங்களைச் சேர்த்துப் பின்னுகின்றன. ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்தில் இல்லாத வீரன், அந்தப் பின்னலில் சீப்பாகிறான். இரண்டு படங்களுக்காகக் காத்திருப்பதும் தாமதத்தின் ஒரு காரணம்.

கடையில் விற்கும் மலிவான ஏ.வி.-எச்.டி.எம்.ஐ. மாற்றிகளும் பெரும்பாலும் இதே தவற்றைச் செய்கின்றன, பணத்தை வீணாக்காதீர்கள். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற, 240 வரிகளை அறிந்து வரியை இரட்டிப்பாக்கும் கருவிகள் காம்போசிட்டையும் ஏற்கும். ஓ.எஸ்.எஸ்.சி. என்ற கருவியைப் பலர் புகழ்வார்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது காம்போசிட்டை ஏற்காது, ஆர்.ஜி.பி.யோ காம்போனென்டோ வேண்டும். உங்களுக்கு நல்ல குழாய் டிவி இருக்கிறதே, அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேசட்பெட்டி

போடமாட்டேன். அம்மா அதை வெளியேற்றச் சொல்லி ஐந்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது அதற்கு என் அறையில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

கடைசியாக ஒலி. செயலியின் ஒலிக் காலிலிருந்து நேராக எடுத்துவிடலாமா?

நாற்பதுகால்

எடுக்காதீர்கள். ஃபேமிகாமில் ஒலி செயலியிலிருந்து கிளம்பி, கேசட் துளையின் 45ஆம் முனை வழியாகக் கேசட்டுக்குள் போய், 46ஆம் முனை வழியாகத் திரும்பி வருகிறது. சில கேசட்டுகளும் 1986இல் ஃபேமிகாமுக்குத் துணைக்கருவியாக வந்த டிஸ்க் சிஸ்டமும் தங்கள் சொந்த ஒலியை அந்த இடத்தில் சேர்க்கின்றன. செயலியிலேயே எடுத்துவிட்டால் அந்தக் கூடுதல் இசை உங்களுக்குக் கேட்காமலே போய்விடும். 46ஆம் முனையிலிருந்து எடுங்கள். ஒரு கெபாசிட்டர் வழியாக 3.5 மி.மீ. துளைக்குக் கொடுங்கள்.

கேசட்பெட்டி

46ஆம் முனையில் எடுத்துவிட்டேன். மேலோட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. கழற்றிய சேனல் சுவிட்சையும் திருகையும் சிறு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன். மாமா கொடுத்த கேசட்டுகளில் ஒன்றின் மேல் ஓரத்தில், பள்ளிக்கூடக் கையெழுத்தில் யாரோ ஒரு ஜப்பானியச் சிறுவனின் பெயர் எழுதியிருக்கிறது. நேற்றிரவு அதைத்தான் முதலில் போட்டேன். தலைப்புத் திரை வந்து, பாட்டும் தொடங்கியது. மாமா கன்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ரிமோட்தேடி, உங்கள் பெட்டியின் உள்படத்தை இன்னும் போடவில்லையே?

ரிமோட்தேடி

திறந்துவிட்டேன். கறுப்புப் பொட்டுதான். தகரப் பெட்டிக்குள் மூன்று கம்பிகள் போகின்றன: சிவப்பு, மஞ்சள், வெள்ளை. படம் கீழே.